கலரைப் பார்க்காதே... கட்டத்தைப் பாரு!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்கிற ஹாலுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்க. திரையில ஒரு கூரை மின்னும். நடுவுல சிவப்பு, ஓரத்துல நீலம், இடையில மஞ்சளும் பச்சையுமா ஹோலி கொண்டாடின மாதிரி இருக்கும். 'மேக்ஸிமம் டிஃப்ளெக்ஷன் இவ்ளோதான் சார், லிமிட்டுக்குள்ள இருக்கு சார்'னு டீம் லீடர் சொல்வார். எக்ஸாமினர் தலையாட்டுவார். அப்புறம் டீ, சமோசா, குரூப் போட்டோ!

அந்தக் கலருக்குக் கீழே ஒரு வலை இருக்கு. மெஷ். அதை ஆன் பண்ணிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கறதில்லை. கேட்டா பாதி ப்ராஜெக்ட் அங்கேயே படுத்துடும். இந்த வாரம் அந்த வலையைப் பத்திதான் பேசப் போறோம். சிவில், மெக்கானிக்கல், ஏரோ மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஆர்க்கிடெக்சர் மக்களே, நீங்களும்தான். மவுஸை இழுத்து இழுத்து வளைவு வளைவா கூரை வரையறதே நீங்கதானே!

மெஷ்னா என்ன? வாசல்ல புள்ளி வெச்சுக் கோலம் போடறோமே, கிட்டத்தட்ட அதுதான். புள்ளிக்கு நோடுன்னு பேர். புள்ளிகளைக் கோட்டால சேர்த்தா வர்ற கட்டத்துக்கு எலிமென்ட்னு பேர். நேர்ப்புள்ளி வெச்சா சதுரம் வரும், ஊடுபுள்ளி வெச்சா முக்கோணம் வரும். ஒரு குவிமாடமோ, வளைஞ்ச கான்கிரீட் கூரையோ, அது கம்ப்யூட்டருக்கு அப்படியே புரியாது. புள்ளிகள் எவ்வளவு நகருது, எவ்வளவு திரும்புதுன்னு மட்டும்தான் கணக்குப் போடும். ரெண்டு புள்ளிக்கு நடுவுல என்ன நடக்குதுங்கறது ஊகம். அந்த ஊகம் எவ்வளவு சரிங்கறது கட்டத்தோட அளவையும் வடிவத்தையும் பொறுத்தது.

'அளவு தெரியும் பாஸ், சின்னதா வெச்சா சரியா வரும். வடிவத்துல என்ன இருக்கு?'ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு கணக்கு.

1985-ல ரிச்சர்ட் மெக்நீல், ராபர்ட் ஹார்டர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஃபைனைட் எலிமென்ட்களுக்கான பொதுப் பரீட்சைத் தாள்னு அதைச் சொல்லலாம். அதுல ஒரு கேள்வி ரொம்ப எளிமை. ஒரு முனையைப் பிடிச்சு வெச்ச உத்தரம், நீளம் 6, உயரம் 0.2. இன்னொரு முனையில ஒரு விசை. உத்தரத்தை வரிசையா ஆறு எலிமென்ட்டா பிரிக்கணும். ஆறையும் செவ்வகமா வெட்டினா, அவங்க சோதிச்ச நாலு நோடு ஷெல் எலிமென்ட் சரியான விடையில சுமார் 90 சதவீதம் வளைவைக் கொடுத்தது. அதே ஆறு எலிமென்ட், அதே விசை. ஆனா நடுக்கோடுகளை மட்டும் 45 டிகிரி சாய்ச்சு சரிவகமா வெட்டினாங்க. விடை? வெறும் 7 சதவீதம்! அதாவது, நிஜத்தைவிடப் பதினாலு மடங்கு விறைப்பான உத்தரம். ஸ்டீலும் மாறலை, சைஸும் மாறலை. கோடு சாய்ஞ்சது... அவ்வளவுதான்.

இதுல ஒரு ரசிக்கற விஷயம். அந்த எலிமென்ட் வேற யாரோடதும் இல்லை, மெக்நீல் ஆரம்பிச்ச கம்பெனியோட மென்பொருள்ல இருந்த எலிமென்ட்தான். சொந்தப் பிள்ளையோட மார்க் ஷீட்டைத் தெரு முனையில ஒட்டின மாதிரி! அதுக்கு அப்புறம் எலிமென்ட்கள் எவ்வளவோ தேறிடுச்சு. ஆனா கோணினா பலவீனமாகும்ங்கற குணம் முழுசா போகலை.

ஏன் இப்படி? ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்ல ஜாக்கோபியன்னு ஒண்ணு படிச்சோமே, 'இது எதுக்குய்யா?'ன்னு கேட்டுக்கிட்டே மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கேதான் வேலைக்கு வருது. ப்ரோகிராமுக்குள்ள ஒவ்வொரு எலிமென்ட்டும் முதல்ல ஒரு அச்சுச் சதுரம். அதை இழுத்து, சாய்ச்சுதான் உங்க கூரையில இருக்கற நிஜக் கட்டத்தோட பொருத்துது. அந்த இழுப்போட அளவுதான் ஜாக்கோபியன். கட்டம் ஓரளவு சதுரமா இருந்தா இழுப்பு எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருக்கும். கோணல்மாணலா இருந்தா, ஒரு மூலையில நீட்டி, இன்னொரு மூலையில நசுக்கி, உள்ளே போடற கணக்கையும் சேர்த்துக் கெடுத்துடும். ரொம்ப மோசமானா கட்டம் உள்பக்கம் மடங்கி ஜாக்கோபியன் மைனஸ்ல போயிடும். அப்போ மென்பொருள் கத்தி நின்னுடும். அது நல்லது. கத்தாம தப்பான விடையைக் கலரடிச்சுக் காட்டுதே, அதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? நார்வே வரைக்கும் போயிட்டு வருவோம்.

கடல்ல எரிவாயு எடுக்க 'ஸ்லைப்னர் ஏ'ன்னு ஒரு மேடை. கடலுக்கு மேலே 57,000 டன் மேல்தளம். அதைத் தாங்கறதுக்குக் கீழே பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம். 24 உருளை அறைகளை ஒட்டி ஒட்டி வெச்சுக் கட்டினது. அதுல நாலு மட்டும் தூண் மாதிரி மேலே நீண்டு போகும். மூணு உருளை சேர்ற இடத்துல நடுவுல ஒரு முக்கோண இடைவெளி வருமே (மூணு டம்ளரை ஒட்டி வெச்சுப் பாருங்க, தெரியும்), அதுக்குள்ளே கடல் தண்ணி நிக்கும். சுவருக்கு ஒரு பக்கம் தண்ணி அழுத்தம், அந்தப் பக்கம் வெற்று அறை.

1991 ஆகஸ்ட் 23. ஸ்டாவாங்கர் பக்கத்துல ஒரு ஃபியார்டுல அடித்தளத்தை மெதுவா தண்ணிக்குள்ள இறக்கிக்கிட்டு இருந்தாங்க, மேல்தளத்தைப் பொருத்தறதுக்கு முன்னால ஒரு சோதனையா. சுமார் 65 மீட்டர் ஆழத்துல ஒரு சுவர் விட்டுக்கொடுத்தது. தண்ணி உள்ளே பாய, பம்ப்பால சமாளிக்க முடியலை. மொத்தமும் மூழ்கி, ஆழத்துல அழுத்தம் தாங்காம நொறுங்கி, தரையில மோதினப்போ ரிக்டர்ல 3 அளவுக்கு அதிர்வு பதிவாச்சு. உயிர்ச் சேதம் இல்லைங்கறது பெரிய ஆறுதல். பண நஷ்டம்? சுமார் 70 கோடி டாலர்!

விசாரணையில வெளிவந்தது இதுதான். அந்த முக்கோண இடைவெளியோட சுவர்களை ஃபைனைட் எலிமென்ட்ல கணக்குப் போட்டப்போ, மெஷ் அந்த இடத்துல போதுமான அளவு நுணுக்கமா இல்லை. மூலையில கட்டங்கள் கோணலாவும் இருந்தது. அதனால வெட்டு விசை, அதாங்க ஷியர், நிஜத்தைவிட சுமார் 47 சதவீதம் குறைவா வந்துடுச்சு. அந்த எண்ணை நம்பிச் சுவரோட தடிமனை முடிவு பண்ணிட்டாங்க. மெஷ் மட்டுமே குற்றவாளின்னு சொல்லிடக் கூடாது. அந்த இடத்துல போட்ட கம்பிகளோட அமைப்பும் சரியில்லை. ரெண்டும் சேர்ந்துதான் காலை வாரிடுச்சு. ஆனா விபத்துக்கு அப்புறம் கவனமான மெஷ்ஷோட திரும்பக் கணக்குப் போட்டாங்க. 'சுவர் 62 மீட்டர் ஆழத்துல உடையும்'னு விடை வந்தது. உடைஞ்சது 65-ல! தியரியில தப்பில்லை, மென்பொருள்ல தப்பில்லை. வலையை ஒழுங்கா போட்டிருந்தா, கம்ப்யூட்டர் முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருக்கும்.

இன்னொரு விஷயத்தை நம்ம பசங்க கவனிக்கணும். 'சார், ரியாக்ஷன் எல்லாம் கூட்டிப் பார்த்தேன், மொத்த எடையோட டேலி ஆகுது, அப்போ மாடல் சரிதானே?'ன்னு நிறைய பேர் சொல்வாங்க. டேலி ஆகத்தான் செய்யும் பாஸ். மெஷ் எவ்வளவு கேவலமா இருந்தாலும் மொத்த விசை சமமாத்தான் இருக்கும். எடை விட்டுப்போச்சா, சப்போர்ட் விட்டுப்போச்சான்னு பிடிக்கத்தான் அந்தச் சோதனை. மெஷ் நல்லதா கெட்டதான்னு அது சொல்லாது.

சரி, இப்போ பாராமெட்ரிக் மாடலிங்குக்கு வருவோம். நீளம், உயரம், வளைவு எல்லாத்தையும் எண்ணா கொடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்லைடர் வெச்சு, அதை இழுத்தா மொத்தக் கூரையும் மாறுமே, அதுதான். ரைனோவுல கிராஸ்ஹாப்பர் வந்ததுல இருந்து இது ஆர்க்கிடெக்சர் காலேஜ்கள்ல அன்னாடப் பழக்கமாயிடுச்சு. கரம்பா மாதிரி ஒரு ப்ளக்-இன் போட்டா, ஸ்லைடரை இழுக்க இழுக்க ஷெல் அனாலிசிஸும் கூடவே ஓடும். பார்க்கறதுக்கு வீடியோ கேம் மாதிரி செமயா இருக்கும். சிக்கலும் அங்கேதான்.

பழைய முறையில ஒரு கூரைக்கு ஒரு மெஷ். உட்கார்ந்து, முறைச்சுப் பார்த்து, கோணலா இருக்கற இடத்தைச் சரி பண்ணலாம். இங்கே ஸ்லைடர் ஒரு இஞ்ச் நகர்ந்தா புது மெஷ். 5-ல நல்லா இருந்த வலை 9-ல பிச்சுக்கும். யார் பார்க்கறது?

முக்காவாசி பேர் செய்யறது இதுதான். பரப்புல யூ, வின்னு ரெண்டு திசை இருக்கும், ரெண்டையும் சம பாகமா பிரிச்சுடுவாங்க. வேலை முடிஞ்சுது! ஆனா அது எண்ணுல சமம், இடத்துல சமம் இல்லை. பூமி உருண்டையில தீர்க்கரேகைகளைப் பாருங்க. நிலநடுக்கோட்டுல எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கு, துருவத்துல எப்படி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது? 25 மீட்டர் ஆரத்துல ஒரு அரைக்கோளக் குவிமாடம் எடுத்துக்குவோம். சுத்தி 40 பாகம், அடியில இருந்து உச்சி வரைக்கும் 20 பாகம். அடியில ஒவ்வொரு கட்டமும் 3.9 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். உச்சியில அதே 2 மீட்டர் நீளத்துக்கு 31 சென்டிமீட்டர்தான் அகலம்! உச்சிப் புள்ளியில 40 பீட்சா துண்டு கூர் கூரா வந்து முட்டும், ஒவ்வொண்ணோட கூரும் 9 டிகிரி. பகுதிகளை அதிகமாக்கினா சரியாகுமா? ஆகாது. கூர் இன்னும் மோசமாத்தான் ஆகும்.

அடியிலயும் கதை இருக்கு. மெல்லிய ஷெல் முட்டை ஓடு மாதிரி. பெரும்பாலான இடத்துல வளையாம, இழுப்பும் அழுத்தமுமாவே சுமையைக் கடத்திடும். ஆனா விளிம்பைப் பிடிச்சு வெச்ச இடத்துல மட்டும் வளைவு விசை எகிறும். எவ்வளவு தூரத்துக்கு? ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க, தோராயமா அந்த அளவுல அடங்கிடும். நம்ம குவிமாடத்துல தடிமன் 10 சென்டிமீட்டர்னா, 25 பெருக்கல் 0.1, வர்க்கமூலம் எடுத்தா 1.6 மீட்டர் மாதிரி வரும். நம்ம கட்டத்தோட உயரமே 2 மீட்டர்! முழுக் கூத்தும் ஒரே கட்டத்துக்குள்ள நடந்து முடிஞ்சுடும், கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. ஆக, இந்தச் சம பாக வலை எங்கே தேவையில்லையோ அங்கே புள்ளியைக் கொட்டுது, எங்கே தேவையோ அங்கே கஞ்சத்தனம் பண்ணுது.

அப்புறம் தையல் பிரச்னை. ரெண்டு பரப்பு சேர்ற இடத்துல, ஒரு பக்கம் பத்துப் புள்ளி, அந்தப் பக்கம் ஏழு புள்ளின்னு இருந்தா என்ன ஆகும்? கண்ணுக்கு ஒட்டித் தெரியும். கணக்குல அது ரெண்டு தனித் துணி, தைக்காம பக்கத்துல பக்கத்துல வெச்சது மாதிரி. கூரை ஓரத்துல திடீர்னு ஒரு வாய் பிளந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதெல்லாத்தையும்விட எனக்கு பயமா தெரியறது ஆப்டிமைசேஷன். 'வளைவு மிகக் குறைவா இருக்கற வடிவத்தைக் கண்டுபிடி'ன்னு கம்ப்யூட்டர்கிட்ட விட்டுட்டு ஹாஸ்டலுக்குப் போய்த் தூங்கிடறோம். ராத்திரி பூரா அது ஆயிரக்கணக்கான வடிவங்களைச் சோதிக்கும். ஞாபகம் இருக்கா, கோணின எலிமென்ட் பெரும்பாலும் நிஜத்தைவிட விறைப்பா நடிக்கும்னு பார்த்தோமே? விறைப்பா நடிச்சா வளைவு குறையும். வளைவு குறைஞ்சா அதுதான் வின்னர்! நல்ல கூரையைத் தேடச் சொன்னா, மெஷ் எங்கே நல்லா பொய் சொல்லுதோ அந்த வடிவத்தைத் தேடிப் பிடிச்சுக் காலையில கையில கொடுக்கும். எந்த ஹால்ல சூப்பர்வைசர் அசந்து தூங்கறார்னு மோப்பம் பிடிச்சு வர்ற பிட் பார்ட்டி மாதிரிதான் ஆப்டிமைசரும். அதுக்கு இன்ஜினீயரிங் தெரியாது, மார்க் மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு கூரையோட மெஷ் கெட்டா ஒரு விடைதான் தப்பு. இங்கே தப்பான விடையே தேர்ந்தெடுக்கப்பட்டு முதல் பரிசு வாங்கிட்டு வருது.

அப்போ நல்ல மெஷ் எப்படி வரும்? முக்கோணத்துக்கு ரஷ்யக் கணித மேதை டெலோனே 1934-லயே ஒரு வழி சொல்லிட்டார். எந்த முக்கோணத்தோட சுற்றுவட்டத்துக்குள்ளயும் வேற புள்ளி வரக்கூடாதுன்னு இணைக்கணும். சமதளத்துல அப்படிச் செஞ்சா, இருக்கற புள்ளிகளை வெச்சு வரக்கூடிய இணைப்புகள்லயே மிகச் சின்னக் கோணம் மிகப் பெருசா கிடைக்கறது இதுலதான். கூர் முக்கோணம் குறையும். முக்கோணத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. மூணு கால் ஸ்டூல் ஆடாது, நாலு கால் ஸ்டூல் ஆடும். வளைஞ்ச பரப்புல நாலு புள்ளி ஒரே தளத்துல உட்காராது, கட்டம் முறுக்கிக்கும். முக்கோணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனா சாதாரண முக்கோண எலிமென்ட் கொஞ்சம் விறைப்புப் பேர்வழி, அதனால கூடுதலாவே போட வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. புள்ளிகளைத் தளர விடறது. ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுத்தி இருக்கற புள்ளிகளோட சராசரி இடத்துக்கு நகரணும். ஆனா பரப்பை விட்டு வெளியே போகக் கூடாது. நெருக்கியடிச்சு நின்ன பஸ்ல, ஸ்டாப்பிங்ல நாலு பேர் இறங்கினதும் எல்லாரும் தானா இடம் பரத்தி நிப்பாங்களே, அதே மாதிரி வலை தானா சமமாகும். லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்தோட கிரேட் கோர்ட் கண்ணாடிக் கூரை, 2000-ல திறந்தது, இப்படித்தான் உருவாச்சு. ஃபாஸ்டரோட வடிவமைப்பு, ப்யூரோ ஹாப்போல்ட் இன்ஜினீயர்கள். வடிவக் கணக்கைப் போட்டவர் பாத் பல்கலைக்கழகத்தோட கிறிஸ் வில்லியம்ஸ். வெளியே செவ்வக முற்றம், உள்ளே வட்டமான வாசிப்பறை, அதுவும் சரியா நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி! சம பாகம் போட்டிருந்தா வலை ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அவர் முதல்ல பரப்பை ஒரு சமன்பாடா எழுதி, அதுக்கு மேலே வலையைப் போட்டு, புள்ளிகளைத் தளர விட்டார். 3,312 கண்ணாடிகள். அங்கே மெஷ் வெறும் கணக்குக்கான கோடு இல்லை. கம்பியும் கண்ணாடியும் ஓடற கோடே அதுதான். வலையோட அழகுதான் கூரையோட அழகு.

லேப்ல இன்னிக்கே செஞ்சு பார்க்க, காசில்லாத வழி இருக்கு. ஜிமெஷ்னு ஒரு மெஷ் மென்பொருள், கால்குலிக்ஸ்னு ஒரு சால்வர், ரெண்டுமே இலவசம். கணக்கும் நானே தர்றேன். ஸ்கார்டெலிஸ்-லோ கூரை, 1964-ல இருந்து உலகம் பூரா ஷெல் எலிமென்ட்டுக்கு வைக்கற டெஸ்ட். பாதி பீப்பாய் மாதிரி கூரை. ஆரம் 25 அடி, நீளம் 50 அடி, தடிமன் கால் அடி, வளைவு மொத்தம் 80 டிகிரி. வளைஞ்ச ரெண்டு முனையும் விறைப்பான சுவர்ல உட்காருது, நீள விளிம்பு ரெண்டும் சும்மா தொங்குது. சுய எடை சதுர அடிக்கு 90 பவுண்டு. யங்ஸ் மாடுலஸ் சதுர அடிக்கு 43 கோடியே 20 லட்சம் பவுண்டு, பாய்சான் விகிதம் பூஜ்யம். நீள விளிம்போட நடுப்புள்ளி எவ்வளவு இறங்குது? 0.3024 அடி வரணும். பழைய புத்தகங்கள்ல 0.3086-ன்னு இருக்கும், பயப்படாதீங்க, அது பழைய தியரிக் கணக்கு.

முதல்ல ஒழுங்கான சதுரக் கட்டத்துல போடுங்க. அப்புறம் கட்டத்தைப் பாதியாக்கிப் போடுங்க. விடை எவ்வளவு நகருதுன்னு குறிச்சுக்கோங்க. மூணாவதா, உள்ளே இருக்கற புள்ளிகளை வேணும்னே அப்படி இப்படித் தள்ளி, கோணல் பண்ணிட்டு ஓட்டுங்க. கலர் படம் மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். எண்ணை மட்டும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுப் பாருங்க. அடுத்த ரிவ்யூவுல முன் வரிசையில உட்கார்ந்து, 'அந்த மெஷ்ஷைக் கொஞ்சம் ஆன் பண்ண முடியுமா?'ன்னு கேட்க ஆசை வரும். சீனியர்கிட்ட மட்டும் பார்த்துக் கேளுங்க!